கரையில்லாத நாட்டின் கப்பற்சொற்கள்

செக் நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. ஜெர்மனி, போலந்து, ஸ்லோவாக்கியா, ஆஸ்திரியா என்று நான்கு நாடுகளுக்கு நடுவே அமைந்த நிலம் அது. அப்படியிருந்தும் பாய்மரம், சுக்கான், நங்கூரம், மேல்தளம், காற்று வரும் பக்கம், காற்று ஒதுங்கும் பக்கம் என்று பாய்மரப் படகின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வோர் அசைவுக்கும் செக் மொழியில் சொல் இருக்கிறது. படகோட்டப் பழகுகிறவர்கள் ஒரு பக்கம் ஆங்கிலமும் மறுபக்கம் செக்கும் அச்சிட்ட சொற்பட்டியலை வைத்துப் படிக்கிறார்கள். இதைக் கேட்டுச் சிலருக்குச் சிரிப்பு வரலாம். அந்தச் சிரிப்புக்கு நானூறு வயது. ஷேக்ஸ்பியர் தம் 'குளிர்காலக் கதை' நாடகத்தில் பொஹீமியாவுக்கு, அதாவது இன்றைய செக் நாட்டின் மேற்குப் பகுதிக்கு, ஒரு கடற்கரையைத் தந்து அங்கே ஒரு கப்பலையும் மூழ்கடித்தார். பக்கத்தில் கடலே இல்லாத ஊரில் கப்பல் உடைகிறதே என்று அவருடைய நண்பரும் போட்டியாளருமான பென் ஜான்சன் கேலி செய்தார். கடல் இல்லாத மொழிக்குக் கடற்சொல் எதற்கு என்ற கேள்வியும் அதே கேலியின் தொடர்ச்சிதான். இன்றைய பேச்சில் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஒரு தொழிலின் சொல், கரை யாருக்குச் சொந்தம் என்பதைப் பொறுத்து அமைவதில்லை; யார் கற்றுத்தருகிறார், யார் கட்டளை இடுகிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. அந்தச் சொல் நல்லதா என்று பார்க்க வேண்டுமானால், காதில் விழுந்ததும் கை எவ்வளவு விரைவாக நகர்கிறது என்று பார்க்க வேண்டும். செக் மொழியின் அனுபவம் இரண்டையும் காட்டுகிறது என்பது என் வாதம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். செக் மக்களுக்கும் நீருக்கும் உறவே இல்லை என்பது உண்மையன்று. பிராகா நகரின் நடுவே ஓடும் வ்ல்தவா ஆறு எல்பே ஆற்றில் கலக்கிறது; எல்பே ஹாம்பர்க் துறைமுகத்தைக் கடந்து வடகடலில் சேர்கிறது. வ்ல்தவாவில் மரக்கட்டைகளைப் பிணைத்துத் தெப்பமாக மிதக்கவிட்ட தொழில் பல தலைமுறைகள் நடந்தது. செக் உட்பட ஆறு நாடுகளின் தெப்பத் தொழிலை 2022-ல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. முதல் உலகப் போர் முடிந்து செக்கோஸ்லோவாக்கியா பிறந்தபோது, கடலுக்கு வழி வேண்டும் என்று அந்த நாட்டுக்கு வெர்சாய் உடன்படிக்கையிலேயே இடம் ஒதுக்கினார்கள். அதன்படி 1929-ல் ஹாம்பர்க் துறைமுகத்தின் ஒரு பகுதி 99 ஆண்டுக் குத்தகைக்குத் தரப்பட்டது. குத்தகை 2028-ல் முடிகிறது. கடற்கரை இல்லாத நாடும் தன் கொடியேற்றிக் கப்பல் விடலாம் என்ற உரிமையை 1921-ல் பார்சலோனாவில் நாடுகள் ஒப்புக்கொண்டன. நம் ஊர்க் கடைவீதிகளில் பெயர் பழகிப்போன பாட்டா செருப்பு நிறுவனம் ஸ்லீன் என்ற செக் நகரத்தில் தோன்றியது; 1930-களில் அதற்குச் சொந்தமாகக் கடற்கப்பல் இருந்தது. 1959-ல் அரசே ஒரு கடற்கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி, அதன் தலைமையகத்தை உள்நாட்டு நகரமான பிராகாவில் வைத்தது. எங்கே பார்த்தாலும் நிலமாக இருக்கும் நகரத்திலிருந்து பெருங்கடல் கப்பல்களை நடத்தினார்கள் என்பது வேடிக்கையான செய்திதான்.

இதற்கெல்லாம் முன்பே, ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கடற்படையில் செக் மாலுமிகள் கணிசமாக இருந்தார்கள். அந்தக் கடற்படையின் முதன்மைத் தளம் அட்ரியாட்டிக் கரையில் இருந்த போலா. இன்றைக்குக் குரோஷியாவின் புலா. 1918 பிப்ரவரியில் கோத்தோர் வளைகுடாவில் நடந்த மாலுமிக் கிளர்ச்சிக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட நால்வரில் ஒருவர் ஃப்ரான்டிஷெக் ராஷ். மொராவியாவின் ப்ரெரோவ் நகரத்துக்காரர். ஆக, செக் மக்கள் கடலை அறிந்திருந்தார்கள். ஆனால் கப்பலில் அவர்கள் காதில் விழுந்த கட்டளைகள் ஜெர்மன் மொழியில் இருந்தன. அதே கடற்படையில் 1848-க்கு முன்புவரை வெனிசு நகரத்து இத்தாலிய மொழிதான் ஆட்சி செய்தது; அந்த ஆண்டின் புரட்சியில் வெனிசின் மீது நம்பிக்கை போனதும் ஜெர்மன் வந்தது. கடல் மாறவில்லை, காற்று மாறவில்லை. கட்டளை இடுகிறவர் மாறியதும் சொல் மாறியது. என் வாதத்தின் முதல் சான்று இதுதான்.

இரண்டாவது சான்றுக்கு, நீண்ட கடற்கரை உள்ளவர்களின் சொற்களைப் பார்க்க வேண்டும். ரஷ்யாவின் கடற்கரை உலகின் மிக நீண்ட கரைகளில் ஒன்று. ஆனால் மாலுமி, பாய்மரம், துறைமுகம், சுக்கான் என்று ரஷ்ய மொழியின் கடற்சொற்களில் பெரும்பகுதி டச்சு மொழியிலிருந்து போனவை. ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டர் ஹாலந்துக்கே சென்று கப்பல் கட்டும் தொழிலைக் கற்றார். ஆசிரியரின் சொல் மாணவரின் நாவில் ஒட்டிக்கொண்டது. குரோஷியாவுக்கு ஆயிரம் தீவுகளுக்கு மேல் இருக்கின்றன. அங்கே பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்கு ஷ்கோதா என்று பெயர், பாய்மரத்துக்கு யார்போல். இரண்டும் இத்தாலியக் கரையிலிருந்து வந்தவை. கடல்களை ஆண்டதாகப் பெருமை கொள்ளும் ஆங்கிலத்தையே எடுத்துக்கொண்டாலும், யாட், ஸ்கிப்பர், டெக், பூம், ஸ்லூப் எல்லாம் டச்சுக்காரர்களிடம் வாங்கிய கடன். நம் நங்கூரமும் பாரசீகத்து லங்கர் என்ற சொல்லின் உறவு என்றே அறிஞர்கள் சொல்கிறார்கள். அதனால் நம் மீனவர்களின் கடலறிவு குறைந்துவிட்டதாக யாரும் கருதுவதில்லை. கடல் இருப்பவர்கள் இப்படித் தாராளமாகக் கடன் வாங்கியிருக்க, கடல் இல்லாத செக் மொழி தன் சொற்களைத் தானே அமைத்துக்கொள்ள முயன்றது ஏன்? காரணம் கடலில் இல்லை. செக் மொழியின் சொந்த வரலாற்றில் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வியும் ஆட்சியும் ஜெர்மன் மொழியில் நடந்தன. செக், வீட்டிலும் வயலிலும் பேசும் மொழியாகச் சுருங்கியிருந்தது. அதை எல்லாத் துறைக்கும் உரிய மொழியாக உயர்த்தப் புறப்பட்ட தலைமுறையில் முதன்மையானவர் யோசெஃப் யுங்மன். 1834 முதல் 1839 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அவருடைய செக்-ஜெர்மன் அகராதி, இருந்த சொற்களைத் தொகுத்ததோடு நிற்கவில்லை. இல்லாதவற்றை உறவு மொழிகளிடமிருந்தும் கொண்டுவந்தது. இன்று செக் மக்கள் காற்றுவெளியைக் குறிக்கச் சொல்லும் வ்ஸ்துக் என்ற சொல்லே அந்தக் காலத்தில் ரஷ்ய மொழியிலிருந்து எடுத்து நட்டதுதான். பின்னர் ஸோகோல் என்ற உடற்பயிற்சி இயக்கத்தை 1862-ல் தொடங்கியவர்களில் ஒருவரான மிரொஸ்லாவ் டிர்ஷ், ஒவ்வொரு பயிற்சிக்கும் செக் மொழியில் கலைச்சொல் ஆக்கினார். ஒரு விளையாட்டைக் கையில் எடுத்தால் முதல் வேலையாக அதற்குச் சொல் ஆக்குவது என்ற பழக்கம் இப்படி வேரூன்றியது. இந்தச் சூழலில்தான் 1893-ல் யோசெஃப் ரோஸ்லர்-ஓர்ஜோவ்ஸ்கி பிராகாவில் செக் பாய்மரப் படகுச் சங்கத்தைத் தொடங்கினார். பனிச்சறுக்கையும் தம் நாட்டில் பரப்பியவர் அவர். இதில் ஒரு சுவையான முரண்: அந்தச் சங்கத்தின் பெயரில் மட்டும் யாட் என்ற சொல் இன்றுவரை ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே நிற்கிறது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அறையில் உட்கார்ந்து ஆக்கிய சொற்கள் மக்கள் வாயில் நிலைக்குமா? எல்லாம் நிலைக்கவில்லை என்பது உண்மை. பியானோவுக்குக் 'கட்டையை அழுத்தினால் கிணுகிணுக்கும் எந்திரம்' என்று பொருள்படும் நீண்ட செக் சொல் ஒன்று உண்டு. அதை இன்று சொல்லாக்க மோகத்தைக் கேலி செய்வதற்குத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். கடைசியில் வென்றது ஜெர்மன் வழி வந்த க்லவீர்தான். ஆகவே, தாய்மொழியில் இருப்பது மட்டுமே ஒரு சொல்லை வாழவைக்காது. படகுச் சொற்கள் நிலைத்ததற்குக் காரணத்தை அந்தச் சொற்களின் உள்ளேயே தேட வேண்டும்.

பாயின் கீழ்மூலையில் கட்டி, காற்றுக்கு ஏற்ப இழுத்தோ தளர்த்தியோ பிடிக்கும் கயிறு இருக்கிறது அல்லவா, அதற்கு ஆங்கிலத்தில் ஷீட் என்று பெயர். புதிதாகக் கற்கும் எவரும் இதைக் கேட்டதும் பாயைத்தான் நினைப்பார். விரிப்பு, தாள் என்ற பொருள்தானே பழக்கம்? பழைய ஆங்கிலத்தில் பாயின் கீழ்மூலைக்கு இருந்த பெயர் கயிற்றுக்குத் தாவியது. இந்த வரலாறு அகராதி ஆசிரியருக்கு இனிக்கும்; முதல் நாள் படகில் ஏறியவரைக் குழப்பும். செக் மொழி இந்தக் கயிற்றுக்கு ஒத்யேஷ் என்று பெயர் வைத்திருக்கிறது. அதன் பொருள் குதிரையின் கடிவாள வார். வயலும் குதிரையும் அறிந்த மக்களின் மொழியில், தனக்குள் வலிமை கொண்ட ஒன்றைக் கையால் அடக்கி ஆளும் கயிறு என்ற கருத்து அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. இழுத்தால் அடங்கும், விட்டால் ஓடும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. பாயை மேலே ஏற்றும் கயிற்றுக்கு வீதாஹ். மாடிக் கட்டடத்தின் மின்தூக்கிக்கும் அதே சொல்தான். படகு பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க நீருக்குள் இறக்கும் நடுப்பலகைக்கு ப்லோவ்தெஃப், மீனின் துடுப்பு. இவற்றை ஆக்கியவர்களுக்குக் கடல் இல்லாமல் போனது ஒரு வகையில் நன்மையாகவே முடிந்தது என்று எண்ணுகிறேன். பரம்பரையாக வந்த புரியாத பெயர்களின் சுமை இல்லாததால், உறுப்பின் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

இடம் வலம் பற்றிய சொற்களில் இந்த முறை ஒரு சோதனைக்கு உள்ளாகிறது. படகில் முன்னோக்கி நிற்பவரின் இடக்கை, பின்னோக்கித் திரும்பினால் மறுபுறம் போய்விடும். அதனால் ஆள் எப்படி நின்றாலும் மாறாத பெயர் படகின் இரு பக்கங்களுக்கும் வேண்டும். ஆங்கிலத்தில் வலப்புறம் ஸ்டார்போர்டு. பழங்காலத்தில் திசைதிருப்பும் துடுப்பு அந்தப் பக்கம் இருந்ததால் வந்த பெயர். இடப்புறம் லார்போர்டு என்று இருந்தது. இரண்டும் காற்றிரைச்சலில் ஒன்றுபோல் கேட்டதால், 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டை நீக்கிப் போர்ட் என்று சொல்லும்படி ஆணையிட்டது. செக் மொழியில் இடப்புறம் லெவோபோக், வலப்புறம் ப்ரவோபோக். இடது விலா, வலது விலா என்று பொருள். இதற்கு இரண்டு குறைகள் சொல்லலாம். இடம், வலம் என்ற சாதாரணச் சொற்களே உள்ளே இருப்பதால், நிற்பவர் தம் இடக்கையை நினைத்துவிட மாட்டாரா? பின்பாதி ஒன்றாகவே இருப்பதால் பழைய ஆங்கிலக் குழப்பம் திரும்பி வராதா? முதல் குறைக்கு விலா என்ற சொல்லே விடை. அது படகின் உடலைக் குறிக்கிறது, நிற்பவரின் கையை அன்று. இரண்டாவது குறைக்குச் செக் உச்சரிப்பு விடை தருகிறது. அந்த மொழியில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழும். லெ என்பதும் ப்ர என்பதும் உயிரிலும் மெய்யிலும் வேறுபட்டவை. ஸ்டார், லார் என்ற ஆங்கில இணையில் முதல் அசையின் உயிரொலியே ஒன்றாக இருந்தது. சிக்கல் அங்கேதான் பிறந்தது.

இப்போது வலுவான மறுப்புக்கு வருகிறேன். கடலின் பொதுமொழி ஆங்கிலம். பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001-ல் கப்பல்களுக்கான தரப்படுத்திய தொடர்களை ஆங்கிலத்தில்தான் ஏற்றது. வானொலிக் கருவியில் உதவி கேட்பவர் செக் மொழியில் கேட்டால் யார் வருவார்? நேரடியாக ஆங்கிலத்தையே கற்றுவிட்டால் இரட்டைப் பட்டியல் எதற்கு? கேள்வியின் முற்பாதி சரி. கப்பலுக்கும் கப்பலுக்கும், கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆங்கிலம் வேண்டும். அதில் பிடிவாதம் உயிருக்கு ஆபத்து. ஆனால் படகுக்கு உள்ளே நடக்கும் பேச்சு வேறு வகை. கோடை வந்தால் செக் மக்கள் பெருந்தொகையாகக் குரோஷியக் கரைக்குச் செல்கிறார்கள். அவர்களில் பலர் படகை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறார்கள். அந்தப் படகில் உரிமம் பெற்றவர் பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார். மற்றவர்கள் மனைவி, மைத்துனர், அலுவலக நண்பர், பன்னிரண்டு வயதுப் பிள்ளை. திடீரென்று காற்று திரும்பும்போது கயிற்றைத் தளர்த்தச் சொன்னால், அந்தச் சொல் மூளையில் மொழிபெயர்ந்து வர நேரம் இல்லை. உள்ளே பேசும் மொழி பொருந்தாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு, இதைவிடப் பெரிய அளவில் ஒரு கொடிய சான்று உண்டு. 1990 ஏப்ரலில் ஆஸ்லோவிலிருந்து டென்மார்க் சென்ற ஸ்காண்டிநேவியன் ஸ்டார் கப்பலில் தீ வைக்கப்பட்டு 159 பேர் இறந்தனர். தீயைக் கையாண்ட முறையில் பல கோளாறுகள் இருந்தன. பணியாளர்களில் பலருக்கு நார்வே மொழியோ டேனிஷோ ஆங்கிலமோ தெரியாமல் போனது அவற்றில் ஒன்று. வானொலிக்கு ஆங்கிலம், கைக்குத் தாய்மொழி என்று இரண்டையும் இணைக்கும் பாலமாகத்தான் அந்த இரட்டைப் பட்டியல் பயன்படுகிறது. செக்கும் குரோஷியமும் ஸ்லாவிய உறவுகள்தானே, அதைக்கொண்டு சமாளிக்கலாமே என்றும் யாராவது கேட்கலாம். முடியாது. குரோஷியத்தில் யெத்ரோ என்றால் பாய். செக் காதுக்கு அது யாத்ரோ போல, பருப்பு அல்லது மையக்கரு போல ஒலிக்கும். உறவு நெருக்கமாக இருக்கும் இடத்தில்தான் காது அதிகம் ஏமாறும்.

தனி ஆளாகக் கடலில் போகிறவருக்குக் கட்டளை கேட்க யாரும் இல்லையே, அவருக்கு எந்த மொழியில் சொல் இருந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. செக் படகோட்டி ரிச்சர்டு கொன்கோல்ஸ்கி தம் கையால் கட்டிய நிகே என்ற சிறு படகில் 1972 முதல் 1975 வரை தனியாக உலகைச் சுற்றினார். கடலில் அவருக்குப் பேச்சுத்துணை இல்லை. ஆனால் திரும்பி வந்து அவர் எழுதிய புத்தகங்களை வாசித்தவர்கள், எல்லை தாண்ட அனுமதி எளிதில் கிடைக்காத கம்யூனிச ஆட்சிக்காலத்துச் செக் மக்கள். கடலைப் பார்க்க முடியாதவர்கள் படகின் உறுப்புகளை எழுத்தில் அறிந்தார்கள். விடுமுறை நாளில் லிப்னோ அணை ஏரியில், ஐம்பது சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அந்த நீர்ப்பரப்பில், அதே சொற்களைக் கையால் பழகினார்கள். தெருவில் நண்பரைக் கண்டால் செக் மக்கள் சொல்லும் அஹோய் என்ற வணக்கமே மாலுமிகளின் கூவல்தான். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் துடுப்புப் படகுக்காரர்களும் காட்டில் கூடாரமடித்துத் திரிந்த இளைஞர்களும் அதை ஊரெல்லாம் பரப்பினார்கள்.

இவ்வளவு சொன்னதால், கடன் வாங்கிய சொல்லைக் களைந்தெறிய வேண்டும் என்று நான் வாதிடுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செக் மாலுமிகள் அப்படிச் செய்யவும் இல்லை. பின்காற்றில் விரிக்கும் பெரிய முன்பாய்க்கு ஸ்பினாகர், மோதலைத் தாங்கும் மெத்தைக்கு ஃபெண்டர், கயிறு சுற்றும் உருளைக்கு வின்ஷ்னா என்று அந்நியச் சொற்கள் தாராளமாக இருக்கின்றன. பலத்த காற்றில் பாயின் பரப்பைச் சுருக்குவதற்கு ரெஃபோவத் என்பார்கள். வேர் வெளியிலிருந்து வந்தது, வினை விகுதி செக். அந்த விகுதியால்தான் அது கட்டளையாக நாவில் ஓடுகிறது. கடைக்காரரிடம் கேட்டு வாங்கும் பொருளின் பெயர் எந்த மொழியில் இருந்தாலும் பெரிய இழப்பில்லை. உரக்கக் கூவி ஏவ வேண்டிய சொல்தான் உள்ளூர் இலக்கணத்துக்கு அடங்க வேண்டும். பழைய கடன்சொல் முழுதும் போய்விடவும் இல்லை. பாயின் கயிறு ஒத்யேஷ் ஆகிவிட்ட பிறகும், இரண்டு கயிறுகளை இணைக்கும் ஒரு முடிச்சின் பெயரில் ஷ்கோத் என்ற பழைய சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கடன் வரிசையில் நம் பங்கும் உண்டு. அட்ரியாட்டிக் கடலில் அவர்கள் வாடகைக்கு எடுக்கும் இரட்டை உடல் படகுக்கு, எல்லாரையும் போலச் செக் மக்களும் கதமரான் என்றே சொல்கிறார்கள். சோழமண்டலக் கரையின் கட்டுமரம் ஆங்கிலத்தின் வழியாக அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது, தன் பழைய வடிவத்தையும் பொருளையும் வழியில் மாற்றிக்கொண்டு.

செக் சொல்லாக்கம் தோற்கிற ஓர் இடத்தையும் சொல்லிவிட வேண்டும். காற்றை எதிர்த்துச் செல்லும் படகு, முனையைக் காற்றின் ஊடாகத் திருப்பி மறுபக்கம் சாய்வதை ஆங்கிலத்தில் டேக் என்பார்கள். காற்று பின்னாலிருந்து வரும்போது படகின் பின்புறம் காற்றைக் கடந்து திரும்பினால் அது ஜைப். முதலாவது பெரும்பாலும் அமைதியாக முடியும். இரண்டாவதில் பாயின் அடிக்கம்பு படகின் குறுக்கே ஒரே வீச்சில் பாய்ந்து வரும். குனியாதவர் தலையை உடைக்கும். செக் மொழியில் முதலாவதுக்கு ஒப்ரத் ப்ரொதி வ்யெத்ரு, இரண்டாவதுக்கு ஒப்ரத் பொ வ்யெத்ரு. காற்றுக்கு எதிரான திருப்பம், காற்றோடு போகும் திருப்பம். வகுப்பில் கரும்பலகையில் எழுதினால் இதைவிடத் தெளிவான பெயர் இல்லை. ஆனால் அலையில் ஆடும் தளத்தில் நின்று கேட்பவருக்கு முன்சொல்லும் பின்சொல்லும் ஒன்றே. நடுவில் இருக்கும் இரண்டு சிறு சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. பொருள் விளங்காத, ஆனால் ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத டேக், ஜைப் என்ற இரண்டு குட்டைச் சொற்களே இங்கே மேல். இடப்புறச் சொல்லைப் பிரிட்டிஷ் கடற்படை 1844-ல் மாற்றிய அதே காரணத்துக்காக, தளத்தில் கூவும்போது இவற்றில் ஒன்றையாவது கடன் வாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. பட்டியல் அச்சிடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. அகரவரிசையை விட்டுவிட்டு வேலை வரிசையில் அடுக்குங்கள்: பாயை ஏற்றும்போது தேவைப்படும் சொற்கள் ஒரு பக்கம், திரும்பும்போது தேவைப்படுபவை ஒரு பக்கம், நங்கூரமிடும்போது தேவைப்படுபவை ஒரு பக்கம். இந்த இரண்டு திருப்பங்களை மட்டும் அடுத்தடுத்த வரிகளில் வைக்காமல், ஜைப் என்ற சொல்லுக்கு எதிரே, செக் பெயருக்கும் முன்னால், தலையைக் குனி என்று எழுதுங்கள்.